பருத்தியைப் பிடுங்கிய கை

என் மகன் பருத்திச் செடிகளைப் பிடுங்கத் தொடங்கியபோது வெயில் ஏறவில்லை. கார்த்திகைக் கடைசி. மழை பெய்து கரிசல் இளகியிருந்ததால் செடி முரண்டு பண்ணாமல் கையோடு வந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரைத் தன் முழங்காலில் ஓங்கி அடித்து மண்ணை உதறி, ரோட்டைப் பார்த்து வீசினான். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வந்ததை அவன் கவனிக்கவில்லை. மருமகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். பிடுங்கிய செடியைத் திருப்பி அவள் முகத்தில் அடித்தான். மண்ணும் மொட்டும் அவள் வாய்க்குள் போயின. துப்பிக்கொண்டே மறுபடியும் பிடித்தாள். இந்தத் தடவை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். செடிகளுக்கு நடுவே மல்லாக்க விழுந்தாள்.

நான் கஞ்சித் தூக்குவாளியோடு வண்டிப் பாதையில் நின்றேன். “விடப்பா, விடப்பா” என்று சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குத்தான் என் குரல் வந்தது.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம் கையில்தான் வரும். வாய் பேசாது. அவன் அப்பா இருந்தவரை அந்தக் கை ஓங்காமல் மடங்கியே இருந்தது. அவர் போன பிறகு, இந்தக் கையால் என்றைக்காவது ஒரு உயிர் போய்விடும் என்ற பயத்தோடுதான் படுத்து எழுந்தேன். யார் உயிர் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

பருத்தி இலை உள்ளங்கையை விரித்த மாதிரி அகலமாக இருக்கவேண்டும். எங்கள் காட்டில் அது கோழிக்கால் மாதிரி ஒல்லி ஒல்லியாகப் பிளந்து, நுனி சுருண்டு கிடந்தது. ஆளை வைத்துப் பூச்சிக்கு மருந்தடித்த அடுத்த வாரமே இப்படி ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஒரு இலையைக் கையில் வாங்கியதுமே, “இது பூச்சி இல்லப்பா, களைக்கொல்லி பட்டிருக்கு” என்று சொல்லிவிட்டாராம். களைக்கொல்லி மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது. பருத்தியில் வாடை பட்டாலே போதும்.

மக்காச்சோளம் யார் போட்டிருந்தது? எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம், என் கொழுந்தன் மகன். அவனும் அதே வாரம்தான் களைக்கொல்லி அடித்தான். வரப்பை வெட்டி ஒதுக்கினதாக இரண்டு பேருக்கும் பழைய தகராறு உண்டு. டீக்கடையில் அவன், “ஒன் பருத்தி எப்படி வெளையுதுன்னு நானும் பாக்குறேன்” என்று சொன்னதாகவும் பேச்சு வந்திருந்தது. என் மகனுக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

அந்தப் பருத்திக்கு நான் முதல் களை எடுத்தபோது நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும். அவன் அப்பா இறந்த பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு ஜெபவீட்டுக்குப் போய்வருகிறேன். ஷேர் ஆட்டோவில் போய், பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் வந்துவிடுவேன். அங்கே பாஸ்டர் ஒரு கதை சொன்னார். ஒருவன் நிலத்தில் கோதுமை விதைத்தான். ஆட்கள் தூங்கும்போது அவனுடைய சத்துரு வந்து களை விதையைத் தூவிவிட்டுப் போனான். இரண்டும் கூடவே முளைத்தன. வேலைக்காரர்கள் களையைப் பிடுங்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், களையைப் பிடுங்கும்போது பயிரும் வந்துவிடும், அறுப்பு வரைக்கும் இரண்டும் நிற்கட்டும், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று எஜமான் சொல்லிவிட்டான்.

நான் கோதுமையை ரேஷன் கடையில்தான் பார்த்திருக்கிறேன். செடியாகப் பார்த்ததில்லை. ஆனால் களையைப் பார்க்காத நாள் இல்லை. அந்தக் கதை எனக்கு ஒட்டவே இல்லை. களை எடுக்கும்போது கூட வந்த பெண்களிடம் மெதுவாகச் சொன்னேன். ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடித்து வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

“யாரு மதினி அந்த மொதலாளி? கூலி குடுக்க மனசில்லாதவனா இருப்பான் போல.”

“அப்படி ஒரு ஆளு நம்ம ஊருல இருந்தா நாமெல்லாம் எங்கிட்டுப் போயிப் பொழைக்க?”

“அறுப்பு வரைக்கும் விட்டா, அறுக்கப் பயிரு எங்கிட்டு இருக்கும்? கோரைதான் இருக்கும். ஒங்க பாஸ்டரை ஒருநாளைக்கு இங்கிட்டு வரச்சொல்லுங்க. ஒரு நிரை குடுப்போம்.”

அவர்களோடு சேர்ந்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாமி கதைக்குச் சிரித்துவிட்டோமே என்று அப்புறம் கொஞ்சம் உறுத்தியது. அவ்வளவுதான். அதோடு அதை மறந்துவிட்டேன்.

ரோட்டுப் பக்கம் தொடங்கி, காட்டில் பாதிக்கு மேல் பிடுங்கிய பிறகுதான் என் மகன் நிமிர்ந்தான். எதிரே வரப்புக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளம் தலைக்கு மேல் பச்சையாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மோட்டார் ரூமுக்குள் போய் அரிவாளோடு வந்தான்.

முதலில் மக்காச்சோளத்தைத்தான் வெட்டினான். பால் பிடித்த கதிர்கள் சோளத்தட்டையோடு சாய்ந்தன. இடது கையால் தள்ளி வலது கையால் வெட்டி, அந்தக் காட்டுக்குள் ஒரு வழி உண்டாக்கிக்கொண்டே போனான். சத்தம் கேட்டு என் கொழுந்தன் மகன் மம்பட்டியோடு ஓடி வந்தான். அவன் பெண்டாட்டி பின்னால் கல்லை எடுத்து எறிந்துகொண்டே வந்தாள். ஒரு கல் என் மருமகள் தோளில் விழுந்தது.

“ஏலே, எவன் காட்டுலடா கை வைக்கிற?”

“என் காட்டை அழிச்சவன் காட்டுல!”

“நான் எப்படா அழிச்சேன்? குடிச்சிருக்கியா?”

“ஊரு தூங்குறப்ப வந்து மருந்தத் தெளிச்சவந்தானடா நீயி! பொட்டப்பயலே!”

மம்பட்டிக் கம்பு என் மகன் தோளில் விழுந்தது. அவன் ஒரு முழங்கால் ஊன்றி எழுந்து வீசினான். கொழுந்தன் மகன் இடது கையை முகத்துக்கு நேரே தூக்கினான். அரிவாள் அந்தக் கையில் இறங்கியது. வெட்டு விழுந்த சத்தம் தட்டையை வெட்டுகிற சத்தம் மாதிரியேதான் இருந்தது. அதை நான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தோல் பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு அப்புறம்தான் ரத்தம் கொட்டியது. அவன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே உட்கார்ந்து, அழாமல் கத்தினான்:

“கண்ணத் தொறந்து பாருலே! நான் தெளிச்சிருந்தா என் வரப்போரந்தான மொதல்ல கருகணும்? வரப்போரம் ஒன் செடி நல்லா நிக்குதேலே! ரோட்டுப் பக்கந்தான கருகியிருக்கு!”

அப்போது யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருமகள் தன் சேலை முந்தியைக் கிழித்து அவன் கையைக் கட்டினாள். அவன் பெண்டாட்டி மருமகள் முடியைப் பிடித்து இழுத்து அடித்தாள். அடி வாங்கிக்கொண்டே மருமகள் கட்டி முடித்தாள். என் மகன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, தட்டைக்குள் புகுந்து எங்கோ போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டிருக்கிறார். “தட்டை வெட்டும்போது பட்டுருச்சு” என்று சொல்லியிருக்கிறான் கொழுந்தன் மகன். பங்காளி மேல் கேஸ் கொடுப்பதில்லை என்று எங்கள் வகையறாவில் ஒரு வைராக்கியம். அவன் விரல்கள் இன்றைக்கும் சரியாக மடங்குவதில்லை.

கேஸ் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என் மகன் வீட்டுக்கு வந்தான். சோறு போட்டேன். அவன் சாப்பிடும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அவன் சொன்னது நெசந்தாம்ப்பா. வரப்போரச் செடி நல்லாத்தான் இருக்கு. நான் போயிப் பாத்துட்டேன்.”

மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான். கையைக் கழுவாமல் எழுந்து காட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. தம்பி முறையானவனை வெட்டிவிட்டோமே என்று உட்கார்ந்து அழுவான் என்று நினைத்தேன்.

“ரோட்டுப் பக்கந்தான மொத டேங்கு ஊத்தினான்” என்றான்.

“யாருப்பா?”

“மருந்தடிக்க வந்தவன்.”

அவன் வேற்றூர்க்காரன். டேங்கை வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மருந்தடிப்பவன். ஒருத்தன் மேல் இருந்த பழியை எடுத்துவிடத்தான் நான் வாயைத் திறந்தேன். அது நேராக இன்னொருத்தன் தலைமேல் போய் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் என் மகன் போனில் பேசுவதைக் கேட்டேன். “வாப்பா. கொஞ்சம் மருந்தடிக்க வேண்டியிருக்கு. டேங்கையும் கொண்டாந்துரு. சாப்பிடாம வா, இங்க சாப்பிட்டுக்கலாம்.” அவ்வளவு இனிமையாக அவன் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. மருமகளும் கேட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த ஆளுடைய நம்பர் எங்கள் யாரிடமும் இல்லை. வராதே என்று சொல்ல வழியில்லை.

அவன் வந்தான். ஒடிசலான ஆள், முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. காட்டைப் பார்த்ததும், “என்னண்ணே இப்படி அழிஞ்சு கெடக்கு?” என்று உண்மையாகவே பதறினான். மோட்டார் ரூம் வாசலில் டேங்கை இறக்கி வைக்கச் சொன்னான் என் மகன்.

“அன்னிக்கு இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க அடிச்ச?”

“வீரசோழன் ஊருப் பக்கம் ஒரு மக்காச்சோளத்துக்குண்ணே. களைமருந்து.”

“இதே டேங்குலயா?”

“என்கிட்ட இருக்கிறதே இந்த ஒண்ணுதானண்ணே.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கும் புரிந்துவிட்டது. காட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். “கழுவிட்டுத்தாண்ணே வந்தேன்... சாமி சத்தியமா கழுவினேன்...”

அவன் வாய் மூடுவதற்குள் முகத்தில் குத்து விழுந்தது. மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். விழுந்தவனை விலாவில் மிதித்தான். அவன் புழு மாதிரி சுருண்டு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். திருப்பி அடிக்கவே இல்லை. “அண்ணே, பிள்ள குட்டிக்காரண்ணே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். மம்பட்டிக் கம்பை எடுத்து முதுகில் அடித்தான் என் மகன். காலில் அடித்தான். மருமகள் கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடினாள், யாரையாவது கூட்டிவர.

பிறகு அடிப்பதை நிறுத்தினான். நிறுத்தியதைப் பார்த்து நான் சாமியைக் கும்பிட்டேன். அவன் டேங்கின் மூடியைத் திறந்து, தொட்டித் தண்ணீரை ஊற்றி, குலுக்கினான். அதிலிருந்து ஒரு செம்பில் சாய்த்தான்.

“கழுவினேன்னு சொன்னேல்ல? நல்லாத்தான கழுவியிருப்ப? குடி.”

“அண்ணே!”

“குடிலே. சுத்தமா இருந்தா ஒண்ணும் ஆகாதுல்ல.”

அவன் தாடையை ஒரு கையால் பிடித்துத் திறந்தான். அந்த ஆள் பல்லைக் கடித்துக்கொண்டான். பல்லில் செம்பு மோதுகிற சத்தம் கேட்டது.

நாலு பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. கோபத்தில் இருப்பவனிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. நான் போய் அந்தச் செம்பைப் பறித்தேன். பறித்ததைக் கீழே ஊற்றியிருக்கலாம். ஏன் ஊற்றவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். கீழே ஊற்றினால் டேங்கில் இன்னும் இருக்கிறதே, மறுபடியும் மொண்டுகொள்வானே என்பதுதான் அப்போது மனதில் ஓடியது. செம்பை என் வாய்க்குக் கொண்டுபோனேன். மருந்து வாடை மூக்கில் ஏறியது. உதட்டில் ஈரம் பட்டது.

“எம்மா!”

மம்பட்டிக் கம்பு என் மணிக்கட்டில் விழுந்தது. செம்பு தூரமாகப் போய் விழுந்தது. கை என்னுடையது இல்லாத மாதிரி தொங்கியது. வலி கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. வந்தபோது நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். என் மகன் அதே கம்பால் டேங்கை அடி அடி என்று அடித்தான். பிளாஸ்டிக் உடைந்து தண்ணீர் முழுவதும் கரிசலுக்குள் போகும்வரை அடித்தான். மருந்துக்காரன் அதற்குள் எழுந்து, வண்டியையும் விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே ரோட்டுக்கு ஓடிவிட்டான்.

அருப்புக்கோட்டையில் கட்டுப் போடும்போது டாக்டரம்மா எப்படி ஆனது என்று கேட்டார்கள். “விழுந்துட்டேன்” என்றேன்.

“இல்ல. நாந்தான் அடிச்சேன்” என்றான் என் மகன்.

எதற்கு அடித்தான் என்பதை அவன் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிவிட்டார்கள். பெற்ற தாயைக் கம்பால் அடித்தவன் என்று போலீஸ்காரர் வராண்டாவில் வைத்தே அவனைக் கன்னத்தில் அறைந்தார். வாங்கிக்கொண்டு நின்றான். மருந்துக்காரனும் அங்கேதான் மூக்கில் பஞ்சோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனிடமும் எழுதி வாங்கினார்கள். அந்தக் கேஸ் இன்னும் நடக்கிறது.

பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார். அவர் எழுந்திருக்கும்போது கேட்டேன். அவரிடம் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது.

“ஒரே அடிதாங்கய்யா. அதே கம்பு, அதே கை. என்னைச் சாகவிடக்கூடாதுன்னு அடிச்சதும் அதுதான். கையை ஒடிச்சதும் அதுதான். அறுப்புல இதை எப்படிங்கய்யா பிரிப்பாக?”

அவர் மறுபடியும் உட்கார்ந்து பைபிளை மடியில் வைத்துக்கொண்டார். “அதுக்குத்தாம்மா நம்மள பிரிக்கவேண்டாம்னு சொல்லியிருக்கு. அறுப்பு வரைக்கும் பொறுமையா இருங்க” என்றார்.

மருமகள் அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு வெளியே வந்தாள்.

“ஒங்களக் காப்பாத்த அடிச்சாகளாக்கும்? சரி அத்தை, அப்படியே இருக்கட்டும். என் வாயில மண்ணை அடிச்சது எதுக்கு? அதுல நல்லது எங்கிட்டு இருக்கு, சொல்லுங்க.”

பாஸ்டர் குடித்து வைத்த டம்ளரைக் குனிந்து எடுத்தாள்.

“அறுப்பு வரைக்கும் நிக்கிறது அந்த மொதலாளிக்குச் சரியா இருக்கும். அவுக வரப்புல நின்னு பாக்குறாக. நான் காட்டுக்குள்ள நிக்கிறேன். என்னைச் சுத்தி வளந்துக்கிட்டே இருக்கு.”

அன்றைக்குக் களை எடுத்த பெண்கள் சிரித்ததை நான் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். சிரித்தார்களே தவிர, அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பொறுத்திரு என்று யார் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்று கதையில் இல்லை. நான் என் மகனுக்காகப் பொறுக்கலாம். அவனைப் பெற்றவள். அவனுக்குள் எது பயிர், எது களை என்று தெரியாமல் வேரோடு பிடுங்கிவிட எனக்கு மனம் வராது. அந்தப் பொறுமையை இந்தப் பெண்ணின் முதுகில் ஏற்றிவிட எனக்கு என்ன பாத்தியதை?

மறுநாள் காலையில் அவள் துணிமணியை எடுத்து வைத்தாள். நான் ஒற்றைக் கையால் பையின் வாயைப் பிடித்துக்கொண்டேன். திருச்சுழி பஸ் வரும்வரை அவளோடு ரோட்டில் நின்றேன்.

“நீங்க போகாதன்னு சொல்லுவீகன்னு நெனச்சேன்” என்றாள்.

“வெயிலு ஏறுறதுக்குள்ள போயிரு தாயி” என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை.

சாயங்காலம் என் மகன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

“எங்க?”

“அவ அப்பா வீட்டுக்கு.”

“நீங்க நிறுத்தலையா?”

“நாந்தான் பஸ் ஏத்தி விட்டேன்.”

அவன் கை மடங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல், அவன் முகத்தைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். அப்படி நேருக்கு நேர் அவனைப் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. மடங்கிய கையை ஓங்காமலே வெளியே போய்விட்டான்.

தை மாதம் பிறந்ததும், பிடுங்காமல் விட்ட மிச்சப் பருத்தியில், நடுக்காட்டில் சுருண்டு கிடந்த செடிகளும் புதுத் தளிர் விட்டன. இலை அகலமாக, ஒழுங்காக வந்தது. பூத்துக் காயும் பிடித்தது. அப்படியே விட்டிருந்தால் காடு முழுக்கத் தேறியிருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னாராம். அதை என் மகனே வந்து என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

கொழுந்தன் மகனிடம் ஒருமுறை போய்வந்தான். என்ன பேசினார்கள் என்று தெரியாது. பெண்டாட்டி வீட்டுக்குப் பலமுறை போய்வந்துவிட்டான். மாமனார் வாசலிலேயே நிற்க வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுகிறார். ஒரு தடவை மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று, “அத்தைக்குக் கை எப்படி இருக்கு?” என்று கேட்டாளாம். அதை இரண்டு மூன்று தடவை என்னிடம் சொல்லிவிட்டான்.

அவள் வரவேண்டும் என்று நான் ஜெபம் பண்ணுவதில்லை. அவள் விருப்பம் அது. அவன் கை மடங்கியே இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன். அதைக் கேட்கும்போது மட்டும், ஜெபவீட்டின் பின்வரிசையில் இருந்தாலும், பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழுகிற மாதிரியே கேட்கிறேன்.